மருந்துக்குச் சாகாத ரோசா

இன்று காலை கண்ணாடிக் குடுவையின் மூடியைத் திறந்ததும் ரோசாப்பூ வாசம் அடித்தது. பற்றீரியாக் கிருமி வளரும் குடுவையில் வழக்கமாக வருவது ஊசிப்போன சோற்று வாடைதான். சீனியைத் தின்று ரோசா வாசனையைத் தரும்படி நீ மாற்றியமைத்த பற்றீரியா, நீ போன பிறகு சொன்ன சொல் கேட்டிருக்கிறது. சந்தோசப்பட வேண்டியவள் நான். மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டேன்.

புசல்லாவை பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்குவாய். ஆய்வுகூடத்தில் பையை வைக்கும் முன்பே குடுவையிடம் போவாய். "திங்கிறது சீனி, விடுறது நாத்தம். நன்றி கெட்டதுங்க" என்று திட்டிவிட்டு, அதற்கே மறுபடியும் சீனி போடுவாய்.

பற்றீரியாவுக்குள் ரோசா மரபணுவைச் செலுத்தும்போது, கிருமிக்கொல்லி மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றையும் கூடவே சேர்த்துவிடுவோம். பிறகு மருந்தை ஊற்றினால், ரோசாவை வாங்காதவை செத்துப்போகும், வாங்கியவை நிற்கும். எல்லோரும் செய்கிற வேலைதான். அதில் பிழை இருப்பதாக நாம் ஒருநாளும் நினைத்ததில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் தொடங்கிய கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். "ஒரு மருந்துக்கும் அடங்குதில்லை" என்று டொக்டர் சொன்னபோது, நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நம்ம குடுவை ஆளுங்க மாதிரியே இருக்கு" என்றாய்.

உன்னைக் கொண்டுபோனது நம் ஆய்வுகூடத்துக் கிருமி அல்ல. அது உடம்புக்குள் தாக்குப்பிடிக்காத நோஞ்சான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வது?

இப்போது உன் பற்றீரியாவை வாசனைக்காகச் சவர்க்காரத் தொழிற்சாலை ஒன்று கேட்கிறது. பெரிய தொட்டிகளில் மருந்தும் ஊற்றித்தான் வளர்ப்பார்கள். கழிவு மகாவலி ஆற்றுக்குப் போகும். கிருமியைக் கொன்றுவிட்டுத்தான் விடுவோம் என்கிறார்கள். ஒருநாள் அசட்டையாக இருந்துவிட்டால்? மருந்தைத் தாங்கும் அந்த மரபணுவை ஆற்றிலிருக்கும் வேறு கிருமி பொறுக்கிக்கொள்ளாதா? அதை வெட்டி எடுத்த பிறகு கொடுக்கலாம் என்று நம் பேராசிரியரிடம் சொன்னேன்.

"அது வரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க. அவளோட உழைப்பு வீணாகிரும், பாருங்க" என்றார்.

அந்தச் சொல் சுட்டது. உன் ரோசா ஆய்வுகூடத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்றுதானே நீ ஆசைப்பட்டாய். ஆனாலும், உன் வேலையை இப்போது பார்ப்பவள் நான். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

நாளைக்கு வெட்டும் வேலையைத் தொடங்குகிறேன். அதில் ரோசாவும் சேர்ந்து போய்விடலாம். உன் பெயர் எங்கும் வராமலே போகலாம். கோபம் வந்தால் திட்டு. இன்னொருத்தியின் காய்ச்சலுக்குள் அந்த மருந்து தாங்கும் மரபணு போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

மாலையில் உன் அம்மா போனில் பேசினார். சாப்பிட்டாயா, மழையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "எம் மக செஞ்சது உசிரோட இருக்காம்மா?" என்றார்.

"இருக்கும்மா" என்றேன். மருந்து ஊற்றினாலும் சாகாது என்பதை நான் சொல்லவில்லை.

"அப்ப நல்லாப் பாத்துக்கம்மா" என்றார். அதைச் சுமந்துகொண்டுதான் இதை உனக்கு எழுதுகிறேன்.