சோறு வேண்டாம் என்ற மதினிக்கு

மதினி, நேற்று உங்கள் குரலைக் கேட்டேன்.

கனவில் இல்லை. செம்பூரில் ஒரு ட்ரஸ்டின் மாடி அறையில், மேசைமேல் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில். என் கையில் பாதி தின்ற வடாபாவ். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. கடைசிக் காய்ச்சலில் தொண்டை கட்டி, உங்கள் பேச்சே எங்களுக்கு விளங்காமல் போயிருந்தது. அந்தக் குரல் நல்ல தெம்பாக, "கேளும்மா, சொல்லுதேன்" என்று ஆரம்பித்தால் நான் என்ன ஆவேன்? வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

என் புது வேலை உங்களுக்குத் தெரியாது. பிள்ளை பெற்று வீட்டுக்குப் போன பெண்களைத் தேடிப்போய், ஆஸ்பத்திரியில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள், உங்களுக்கு என்ன தேவைப்பட்டது, எது கிடைக்கவில்லை என்று கேட்டு வரும் வேலை. ஒவ்வொருத்திக்கும் அவளுக்கு ஏற்ற மாதிரி பிரசவம் பார்க்க அது உதவுமாம். எப்படிக் கேட்பது என்று பழக்குவதற்காக, முன்பு தாராவியில் பதிவு செய்த பேச்சு ஒன்றைப் போட்டார்கள். "அந்த அம்மாவின் சம்மதம் இருக்கிறது, பேரை வெட்டிவிட்டோம்" என்றார் பயிற்சி தந்த மேடம். பேரை வெட்டலாம். குரலை எப்படி வெட்டுவது?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் மகள் ரூபி நடை பழகிய சமயம், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் நம் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் உடனே என்னைக் கொத்தமல்லி வாங்க அனுப்பினீர்கள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கட்டு கொத்தமல்லி கிடந்தது. "மறந்துட்டேம்ட்டி" என்றீர்கள். நானும் நம்பினேன்.

நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். நம் வீட்டில் அந்தக் கதை தெரியாதவர் யார்? திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிப் பாம்பேக்கு வந்த வருஷமே பிரசவம். உங்களுக்குத் தெரிந்த ஹிந்தி 'பானி'யும் 'கித்னா'வும்தான். பிரசவ அறையில் நர்ஸ் "ஜோர் லகாவ்" என்று கத்துகிறாள். பலமாக முக்கு என்கிறாள் அவள். உங்கள் காதில் விழுந்ததோ சோறு. "எனக்குச் சோறு வேண்டாம்மா, வாந்தி வருது" என்றீர்களாம். நீங்கள் அதை நடித்துக் காட்டும்போது அண்ணனுக்குப் புரையேறும். அன்றிலிருந்து நம் வீட்டில் யார் தட்டில் சோறு வைத்தாலும் "ஜோர் லகாவ்" என்று ஒரு குரல் வரும்.

ஸ்பீக்கரிலும் அதே கதைதான் வந்தது. நான் சிரிக்கத் தயாராகிவிட்டேன்.

"அவ ஜோருங்கா, நான் வேண்டாங்கேன். உடனே தொடையில பளார்னு அடிக்கா. மறுபடி ஜோருங்கா. நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாங்கேன். மறுபடி அடிக்கா."

அடியா? மதினி, இந்தக் கதையில் அடி எப்போது வந்தது?

"முக்காததால பிள்ளைக்கு மூச்சு முட்டிட்டு. நீலம் பாரிச்சுப் பொறந்தா. அழவே இல்ல. தூக்கிட்டு ஓடிட்டாவ. எங்க வீட்டுல மஞ்சக்காமாலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ரூபியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தபோது வெளியே நின்று, மஞ்சள்தான், வெயில் காட்டினால் போய்விடும் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னவள் நான்.

கேள்வி கேட்ட பெண், உங்களுக்கு அப்போது என்ன வேண்டியிருந்தது என்றாள். நீங்கள் யோசிக்கவே இல்லை.

"எங்க நாத்தனா வெளியதான் நின்னா. பாம்பேலயே பொறந்தவ, ஹிந்தியில வெளுத்து வாங்குவா. அவள உள்ள விடுங்கன்னுதான் கத்துனேன். அவ பேரச் சொல்லிச் சொல்லிக் கத்துனேன்."

கத்தல் எனக்குக் கேட்டது மதினி. வெந்நீர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சைக் கதவோடு ஒட்டித்தான் நின்றேன். உள்ளே பலபேர் பல பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் என் பெயரும் இருந்தது என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

"வீட்ல ஏன் சொல்லலக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"சொன்னேனே, சிரிப்பாச் சொன்னேன். அவ கதவுக்கு வெளியவே நின்ன பிள்ள. தெரிஞ்சா தாங்கமாட்டா." அப்புறம் சிரித்தீர்கள். புரையேற வைக்கும் அதே சிரிப்பு.

மேடம் எல்லாவற்றையும் ஹிந்தியில் எடுத்துச் சொன்னார். பிரசவ வார்டிலிருந்து வந்திருந்த வயதான சிஸ்டர் ஒருவர், "கடைசியில் சிரிக்கிறாளே, அப்படியொன்றும் மனக்குறை இல்லை போல" என்றார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, "அந்த நாத்தனார் நான்தான்" என்று ஹிந்தியிலேயே கத்திவிட்டேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "எங்களுக்கும் உங்க பாஷையில ஒரு வார்த்தை யாரும் சொல்லித் தரலையேம்மா" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

மேடம் போர்டில் புதிதாக ஒரு கேள்வி எழுதினார். பிரசவத்துக்கு முன்பே ஒவ்வொருத்தியிடமும் கேட்க வேண்டியது: உள்ளே உங்களோடு யார் இருக்க வேண்டும்? ஆஸ்பத்திரி இதற்கு ஒத்துக்கொள்ளுமா தெரியாது. "இடம் இல்லை என்பார்கள், நீங்களே வந்து பேசுங்கள்" என்றார். சரி என்றேன். எப்படிப் பேசுவேன் என்று தெரியாமலே சொன்னேன்.

பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். ரூபி பள்ளிக்கூட உடுப்போடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். தட்டைத் தூக்கி நீட்டி, "அத்தை, ஜோர் லகாவ்!" என்று உங்கள் சிரிப்பையே சிரித்தாள். நான் சோற்றை அள்ளி வைத்தேன்.

"அரே, என்னாச்சு? ஏன் சிரிக்க மாட்டேங்க?"

"ஒண்ணுமில்லட்டி. சாப்பிடு."

அவள் விடவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, கதையை முதலிலிருந்து அவளே சொன்னாள். நர்ஸ் வந்தாள், சோறு வந்தது, வாந்தி வந்தது. நடுவில் நிறுத்தி, இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க அத்தை?"

"கதவுக்கு வெளிய."

"உங்களுக்குத்தான் ஹிந்தி தெரியும்லா. உள்ள போயிருக்கலாம்லா?"

அவளுக்கு என்ன பதில் சொல்ல, மதினி? அவள் கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு நாளை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அதே பச்சைக் கதவுதான்.