காற்றுக்கு ஒரு தொட்டி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் உடம்பும் வேலையும் எப்படி என்று தெரிவி. அக்கா கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. ஹீட்டர் பக்கம் சொட்டிக்கொண்டே இருந்தது, நானே நிறுத்திவிட்டேன், கவலை வேண்டாம்.

அண்ணா, அப்பா சொல்லி நான் எழுதியது இதுவரைதான். அவருக்குக் கை நடுங்குகிறதே, தாளின் அடியில் மட்டும் தன் கையால் எழுதிவிட்டு, காலையில் உறையை ஒட்டிக்கொடு என்று படுக்கப் போய்விட்டார். நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் நான் திருட்டுத்தனமாக எழுதுகிறேன், டார்ச்சைத் துண்டால் மூடியிருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நீ ஹீட்டர் குழாயில் மாட்டிவிட்டுப் போன சிவப்புத் தொட்டியை அப்பா போன மாதம் தட்டிப் பார்த்தார், சத்தம் வெறுமையாக வந்தது. காற்றை அடைத்து வைக்க ஒரு தொட்டியா, எவனோ உன் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லிக் கழற்றிவிட்டார், இப்போது அம்மா அதைக் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் சேஃப்டி வால்வு சொட்ட ஆரம்பித்தது. வாளி வைத்து வைத்துச் சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை அந்த வால்வின் வாயிலேயே மூடி போட்டு முறுக்கி அடைத்துவிட்டார். வெளிச்சம் பிடித்தது நான்தான்.

அதை மாட்டும்போது நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தண்ணி சூடானா வீங்கும். தண்ணி மீட்டர்ல ஒருவழி வால்வு வெச்சுட்டாங்க, தெருப் பக்கம் திரும்பிப் போக முடியாது. இந்தக் காத்துதான் அது ஒதுங்கற இடம்." இப்போது ஒதுங்கவும் இடமில்லை, சொட்டவும் வழியில்லை. இன்று சாயங்காலம் குழாயைத் திறந்தேன், தண்ணீர் சீறிய வேகத்தில் கையிலிருந்த மக் தெறித்து விழுந்தது, சுவருக்குள் டக் டக்கென்று சத்தம். அந்தச் சுவரை ஒட்டித்தான் அக்காவும் குழந்தையும் படுத்திருக்கிறார்கள். ஹீட்டர் வெடித்துவிடும் என்று அப்பாவிடம் சொன்னதற்கு, "பத்தாங்கிளாஸ் மேடம் எனக்குப் பாடம் எடுக்கறாங்க" என்று சிரித்தார். மறுபடி சொன்னபோது சிரிக்கவில்லை.

அதனால் ஹீட்டர் ஃபியூஸைப் பிடுங்கி என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். குழந்தைக்கு வெந்நீர் அடுப்பில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஹீட்டர் ஓடவில்லையென்றால் அப்பா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார், புது ஃபியூஸ் போடுவது அவருக்கு இரண்டு நிமிட வேலை. இது உன் கைக்கு வர நான்கு நாள் ஆகும். வந்ததும் போன் பண்ணி, நீயாகக் கேட்பதுபோலத் தொட்டியைப் பற்றிக் கேள், என் பேரை எடுக்காதே.

இல்லை அண்ணா, நான்கு நாள் தாங்காது. காலையில் அப்பா ஹீட்டரைப் போடப் போகும்போது பாக்ஸைத் திறந்து நானே காட்டிவிடுகிறேன், மூடியைக் கழற்றுகிறவரை ஃபியூஸைத் தரமாட்டேன். அடி விழுந்தால் விழட்டும். நீ போன் பண்ணும்போது என் பேரைச் சொல்லியே கேள். கீழே இருக்கும் நடுங்கிய எழுத்து மட்டும் அவருடையது.

நல்லா இரு. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.
அப்பா