விருந்தாளியின் மூன்றாவது செட்

அன்பு மகன் உல்மாஸுக்கு அம்மா எழுதுவது. நமன்கானில் நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கொரியாக்காரர் தொழிற்சாலைப் புகையில் இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லவர்கள் நடுவில் இருக்க வேண்டுமென்று தினமும் இறைவனிடம் கை ஏந்திக் கேட்கிறேன். இங்கே நாற்பது நாள் கொளுத்தும் சில்லா வெயில் தொடங்கிவிட்டது, தக்காளிச் செடியெல்லாம் நின்ற நிலையிலேயே வெந்துபோயிற்று, சிவப்புப் பசு பால் குறைந்துவிட்டது, பக்கத்து வீட்டு ரோஹிலாவுக்கு மூன்றாவதும் பெண் பிறந்து மாமியார் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். பெர்மெட் ஏன் போன் எடுப்பதில்லை என்று நீ இரண்டு முறை கேட்டுவிட்டாய். வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தாள், இப்போது சரியாகிவிட்டாள், இலையுதிர் காலத்தில் ஓஷ் போய்ப் பெண் கேட்கிறோம் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். உன் தங்கை நோதிராவோ தான் ஜெயித்ததை மட்டும் சொல்லியிருப்பாள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அது மட்டுமில்லை, போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ இடையில் புகுந்து கத்துவாய், அதனால் எழுதுகிறேன், முழுவதும் படித்த பிறகு கோபப்படு.

நீ சொல்லி அனுப்பியபடி பெர்மெட்டை ஓட்டலில் தங்கவிடாமல் நம் வீட்டுக்கே அழைத்துவந்தேன். நம் ஊர் டென்னிஸ் போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் ஓஷிலிருந்து எல்லை தாண்டி, பெரிய டென்னிஸ் பையை முதுகில் சுமந்து வந்து இறங்கினாள். நல்ல உயரம், குனிந்து வாசல் நுழைந்தவள் முதலில் பார்த்தது சுவரில் மாட்டியிருக்கும் உன் ரொட்டியைத்தான், நீ கிளம்பும்போது ஒரு வாய் கடித்துவிட்டுப் போனாயே, அதை. "அவரோட பல் தடம் இவ்ளோ பெருசா அத்தை, பசியோடவா போனாரு" என்று சிரித்தாள். எங்கள் ஊரிலும் இப்படித்தான் மாட்டுவோம், கடித்தவன் திரும்பி வந்து மீதியைத் தின்ன வேண்டும் என்றாள். அவளுக்கு அது தெரியும் என்பதை நீ மனதில் வைத்துக்கொள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, பாத்திரம் கழுவட்டுமா என்று கேட்காமல் பேசாமல் எடுத்துக் கழுவினாள். சாயங்காலம் யாரோடு யார் ஆடுவது என்று சீட்டுக் குலுக்கி அறிவித்தார்கள், முதல் சுற்றிலேயே நம் நோதிராவும் அவளும். ஜெயிப்பவளுக்கு உலகத் தரவரிசையில் முதல் புள்ளி. இத்தனை வருடம் ஓடியும் இரண்டு பெண்களுக்கும் அதுவரை ஒரு புள்ளிகூட கிடையாது. நோதிரா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அப்பா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார், "பாத்தியா, எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் புள்ளி நம்ம வீட்டுக்குத்தான்" என்றார்.

வருங்கால மருமகள் முதல் தடவை வந்திருக்கிறாள் என்று அப்பாவே சட்டைக் கையை மடித்துவிட்டு ஆட்டுக்குடலில் ஈரலும் அரிசியும் திணித்து ஹசிப் செய்திருந்தார். அதைக் காலையிலேயே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார், பகல் முழுக்க மின்சாரம் இல்லை. ராத்திரி தட்டில் வைக்கும்போது நான் மோந்து பார்த்து வேண்டாம் என்றேன். "காலேஜ் படிச்சவங்க சொல்லிட்டாங்க, இனி குடல்கூட பரீட்சை எழுதித்தான் வேகணும்" என்றார். நோதிரா திரும்பி வந்து கை நீட்டியபோது "நாளைக்கு ஆட்டம் இருக்கு, உனக்குத் தயிர் போதும்" என்று கையைத் தட்டிவிட்டார். அந்த ஆட்டம் எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கும் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. விருந்தாளிக்கு வீட்டுத் தலைவர் தன் கையால் ஊட்டினால் வாயை மூட முடியுமா, அவர் ஊட்ட ஊட்ட அவள் வாங்கிக்கொண்டாள், ஒவ்வொரு கவளத்துக்கும் தலை குனிந்து நன்றி சொன்னாள். தெரிந்தே செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். தன் மகளுக்குக் கொடுக்கவில்லை, அடுத்த வீட்டு மகளுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான் நான் பார்த்தது. உன் அப்பாவை உனக்குத் தெரியும்.

விடியலில் பால் கறக்க எழுந்தேன், குழாயடியில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சத்தம் வராமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் மறைத்துக்கொண்டு. வயிறும் போய்க்கொண்டிருந்தது. மாதுளைத் தோல் வேகவைத்துக் கொடுத்தேன், அதுவும் நிற்கவில்லை. ஆடாதே, விலகிவிடு என்றேன். விலகினால் காரணம் எழுதித் தர வேண்டும், டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா தன் கையால ஊட்டினது அத்தை. வந்த அன்னிக்கே இந்த வீட்டுச் சோத்தக் குத்தம் சொன்னா நான் எப்படி இந்த வீட்டுக்கு வருவேன்" என்றாள். அவள் இந்த வீட்டுக்கு வர நினைத்தாள் உல்மாஸ். அன்று விடியற்காலை வரைக்கும் நினைத்தாள்.

ஆட்டம் உச்சி வெயிலில் வந்தது. வாய்க்கால் ஓரத்துச் சிமென்ட் தரை, செருப்புப் போட்ட காலே சுட்டது. அப்படியும் முதல் செட்டை அவள்தான் எடுத்தாள், நம் பெண்ணைவிட நல்ல ஆட்டக்காரி, அதை அப்பாவும் ஒப்புக்கொள்வார். இரண்டாவது செட்டில் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, வேர்ப்பதே நின்றுவிட்டது, கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து விழுந்தாள். டாக்டர் லாரிசா கிம் ஓடிவந்து குனிந்து "வெயிலா, வயிறா? வாந்தி போச்சா? ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். அந்தச் சின்ன இடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது, பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த டாக்சிக்காரர்களில் ஒருவன் "மாமியார் வீட்டு விருந்து போலிருக்கு, கால் எந்திரிக்க மாட்டேங்குது" என்று கத்த எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா இருக்கும் பக்கம் அவள் ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை டாக்டர், சும்மா தசைப்பிடிப்பு என்றாள். நோய் என்றிருந்தால் ஆட்டத்தை நிறுத்தி வைத்தியம் பார்த்திருப்பார்கள். தசைப்பிடிப்புக்கு அப்படி நிறுத்த விதி இல்லை, பக்கம் மாறும் வரை தாங்க வேண்டும், முடியாவிட்டால் அதுவரை வரும் புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தாள். அவள் தரையில் கிடக்க, நம் நோதிரா கோட்டில் நின்று மட்டையின் நரம்புகளைச் சரிசெய்துகொண்டிருக்க, அம்பயர் ஒவ்வொரு புள்ளியாக நோதிராவுக்கு எண்ணிக்கொண்டே போனார், கடையில் காய்கறி நிறுப்பவர் போல.

ஆளுக்கு ஒரு செட் என்று சமமானதும் வெயிலுக்காகப் பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். நான் எழுந்து நேரே டாக்டரிடம் போனேன். கூட்டத்தில் வாய் திறக்காதவள்தான் நான், உனக்குத் தெரியும், குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன், விடியலிலிருந்து வாந்தியும் பேதியும், எங்கள் வீட்டுச் சாப்பாடுதான் காரணம் என்று. டாக்டர் அவளிடம் போய்க் கேட்டார். அவள் சிரித்தாள். "அத்தைக்கு என்மேல பாசம், பயந்துட்டாங்க. அவங்க வீட்டுச் சாப்பாட்ட மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல" என்றாள். ஆடுகிறவள் தன் வாயால் இல்லை என்றால் நான் என்ன செய்ய முடியும் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "மகள தோக்கடிக்க அம்மாவே போறா பாரு" என்று பல்லைக் கடித்தார். பிறகு நோதிராவின் கழுத்தில் ஐஸ் துண்டைச் சுற்றிவிட்டு, பிளாஸ்கிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பச்சைத் தேநீர் ஊற்றிக்கொண்டுபோய் பெர்மெட்டிடம் நீட்டினார். "வெயிலுக்குச் சூடுதாம்மா மருந்து, நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்றார். பெரியவர் கொடுத்தது, அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தாள்.

மூன்றாவது செட்டைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா தொப்பியைக் கழற்றினால் வலைக்குப் பக்கத்தில் மெல்லப் போடு, மாட்டினால் தலைக்கு மேல் தூக்கிப் போடு, அதுதான் அவருக்கும் நோதிராவுக்கும் சைகை. பெர்மெட்டை முன்னால் ஓடவிட்டு, பின்னால் ஓடவிட்டு, மறுபடி முன்னால். ஓங்கி அடித்து முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. அவள் மட்டையை ஊன்றி எழும்போதெல்லாம் டாக்சிக்காரர்கள் கை தட்டினார்கள், யாருக்கென்று தெரியவில்லை. அப்பா அந்த நேரத்திலும் என்னிடம் திரும்பி, "நல்ல வளர்ப்பு. வாயத் தொறக்கல பாத்தியா, நம்ம மானத்தக் காப்பாத்திட்டா. இவதான் நம்ம வீட்டுக்கு" என்றார், சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். கடைசிப் பந்து விழுந்ததும் நோதிரா முழங்காலிட்டு வானத்தைப் பார்த்து அழுதாள். பெர்மெட் வலை வரைக்கும் நடந்துவந்து காத்திருந்தாள், கை குலுக்கினாள், அம்பயருக்கும் கை கொடுத்தாள், பெஞ்சுக்குப் போய்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், அதன் பிறகுதான் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் தப்பித்தது அதிர்ஷ்டம் என்றார்கள். நோதிராவை நீ திட்டாதே. நானே கேட்டேன், இப்படியா ஓடவிடுவது என்று. "அவ நோய்னு சொல்லிருந்தா நான் நின்னுருப்பேன். அவ சொல்லல. நல்லா இருக்கேன்னு சொன்னவள எப்படி ஜெயிக்கறதோ அப்படி ஜெயிச்சேன்" என்றாள். மறுநாள் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றாள். இப்போதும் சாப்பிடும்போது போனில் தன் பெயருக்கு எதிரில் இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளியைத் திறந்து பார்க்கிறாள்.

பெர்மெட்டை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் ஓஷ் கார் நிற்குமிடத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அப்பா புது ரொட்டி சுடச் சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தார், ஒரு வாய் கடித்துவிட்டுப் போகட்டும், உல்மாஸின் ரொட்டிக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று. துணியைப் பிரித்து நீட்டினேன். எள்ளு வாசனை வந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கினாள், மோந்தாள், முத்தமிட்டு நெற்றியில் வைத்தாள். பிறகு அதே துணியில் சுருக்கம் இல்லாமல் மடித்து என் கையில் வைத்தாள். "வயிறு இன்னும் சரியாகல அத்தை" என்றாள். கார் வழியில் சாப்பிட அவளே வாங்கி வைத்திருந்த சமோசா பொட்டலம் மடியில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது, அவள் அதை மறைக்கவில்லை. நானும் பார்க்காதது போல இருந்தேன். கதவைச் சாத்துவதற்கு முன் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், அப்பாவை, நோதிராவை, பசுவைக்கூட. உன் பெயரைச் சொல்லவில்லை.

அவள் ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். அப்பா துணியைப் பிரித்துப் பார்க்கவில்லை, கடித்திருப்பாள் என்ற நம்பிக்கையில் துணியோடு உன் ரொட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். நான் தினமும் அதன் கீழே நின்று சமைக்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, இரும்பு போன்ற உடம்போடு இரு, உன் தலை கல்லிலிருந்து தப்பிக்கட்டும், என் ஆசி எப்போதும் உன்னோடு. கம்பளி உள்ளாடையைக் குளிர்காலத்துக்கு முன்பே துவைத்து வை. இன்னொன்று, அங்கே யார் வீட்டில் யார் ஊட்டினாலும், வயிறு ஒப்பாவிட்டால் வேண்டாம் என்று வாய் திறந்து சொல். மரியாதை கெட்டுப்போனால் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா மஸ்தூரா