ரஃபிகுலுக்கு நான் வைத்த பேர்

திருத்துறைப்பூண்டி
புரட்டாசி 12

அன்பு மகள் குந்தவைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் பினாங்கில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க பெரியநாயகி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். சௌக்கியம் என்று எழுதினேனே தவிர நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, போனில் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன். சம்பா நடவுக்கு இந்த வருஷமும் மேற்கு வங்காளத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டி வருகிறவன் ரஃபிகுல், முப்பது வயசிருக்கும், மரியாதையான ஆள். அந்தப் பேர் என் வாயில் நுழையவில்லை, வங்காளம் என்றால் பங்களாதேஷ்தானே என்று போன வருஷம் நான்தான் விளையாட்டாக, ஏ பங்களாதேஷ், டீ குடிக்க வா என்று கூப்பிட்டேன். கடைத்தெரு முழுக்க அதுவே பேராகிவிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

செவ்வாய்க்கிழமை யாரோ போலீசுக்குப் போன் போட்டு, நம் வயலில் பங்களாதேஷ்காரன் ஒளிந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். சேற்றுக் காலோடு அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஆதார் காட்டினான், போலி என்றார்கள். நடவு பாதியில் நிற்கிறது, வேறு ஆள் பார்ப்போம், நமக்கெதற்கு வம்பு என்றார் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை, பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் இந்தியாக்காரன்தான் ஐயா என்றேன். ஏம்மா, நீங்களே பங்களாதேஷ் என்றுதானே கூப்பிடுவீங்களாம் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். உள்ளே பெஞ்சில் அவன் ஒரு கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தான். அந்தப் பேரை வைத்தவள் நான், அவன் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் ஊரிலிருந்து காகிதம் வந்து, மூன்றாம் நாள்தான் விட்டார்கள்.

அன்றைக்கே மொத்த ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலிலேயே, ரஃபிகுல், மன்னிச்சுக்கப்பா என்றேன். சரிம்மா என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்னை ஆபீசில் ஒருத்தன் கிளிங் என்கிறான் என்று அழுதாயே, கலிங்கத்திலிருந்து போன வியாபாரிகளுக்கு அந்தக் காலத்தில் வைத்த பேர்தான், இப்போது நம் ஆட்களைத் திட்டுகிறதற்கு வைத்திருக்கிறார்கள் என்றாய். காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொன்னேன். அது தப்பு, குந்தவை. மேலதிகாரியிடம் எழுதிக் கொடு, பயப்படாதே. மாப்பிள்ளையையும் கூட அழைத்துப் போ. இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடு. இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்ததும் எனக்கொரு போன் போடு, காத்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா
ப. அகிலாண்டம்