கல் அல்ல

அட்டுவம்பட்டி,
8-1-1961

அன்புள்ள உங்களுக்கு,

சிவபாக்கியம் எழுதுவது. எனக்கு இங்கே குறையொன்றுமில்லை. ஒலியுல்லா பாய் நாளை கிழங்கு லாரியோடு பழனிக்கு வருகிறார். இதை உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே உறைபனி. மன்னவனூரில் நம் கிழங்குச் செடிகள் ஓரத்தில் கருகிவிட்டன. மீதியைக் காப்பாற்றிவிடலாம் என்கிறான் வேலப்பன். பாய் வீட்டு ஹமீதுன்னிசா தினமும் வந்து உங்களை விசாரிக்கிறாள். முருகனிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை என்றாள். அது உன் வாயில் வராது என்று அவளே சிரித்தும்கொண்டாள்.

வியாழக்கிழமை மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். உங்களிடம் சொன்னால் தடுப்பீர்கள் என்பதால் சொல்லவில்லை. சிறுநீரகத்தில் கல் என்றால் வலி உயிரை வாங்கும். உங்களுக்கோ வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போயிற்று. அது எனக்கு ஒத்துவரவில்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உங்கள் கையில் ஊசி போட்டு மருந்தேற்றி எடுத்த படம். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேருகிற பை ஒன்று இருக்கிறது. மருந்து நிரம்பி அது வெள்ளையாகத் தெரிய வேண்டும். இடது பக்கத்துப் பையில் ஓர் இடம் நிரம்பவில்லை. அது கல் அல்ல. பையின் உள்சவ்வில் வளர்ந்திருப்பது புற்று.

படம் எடுத்த அன்றைக்கே உங்கள் அண்ணனிடம் டாக்டர் இதைச் சொல்லியிருக்கிறார். அவர்தான் கல் என்று உங்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் பழனியில் இறங்கி அவரைக் கேட்டேன். நீங்கள் மலையடிவாரம் போயிருந்தீர்கள். பேரைக் கேட்டாலே தம்பி பாதி செத்துருவானே என்று கடையில் வாடிக்கைக்காரர்கள் முன்னால் அழுதார். நம் ஜனங்கள் எல்லாரும் செய்வதுதான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கல்தானே என்று நீங்கள் வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு பூசம் கழியட்டும் என்றிருக்கிறீர்கள்.

புறப்படும்போது நீங்கள் சொன்னது: "மாலை போட்ட அன்னைக்கே ரத்தம் நின்னு போச்சு. இதுக்கு உன் காலேஜுப் படிப்பு என்ன சொல்லுது?" அதையே டாக்டரிடம் கேட்டேன். இந்த நோயில் ரத்தம் தானாக வரும், தானாக நிற்கும், நின்றதால் நோய் போய்விடாது என்றார். உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க இதை எழுதவில்லை.

சிறுநீரகத்தையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் சேர்த்து எடுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே சவ்வுதான் ஓடுகிறதாம். குழாயை விட்டுவைத்தால் அதிலும் முளைக்கலாம். மற்றொரு சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, அது போதும். பரவியிருக்கிறதா என்று கேட்டேன். திறந்து பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். வேறு உறுதி எதுவும் தரவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

காவடி நேர்ந்துகொண்டதை விட முடியாது என்பீர்கள். விட வேண்டாம். மாமாவுக்குக் கால் ஒடிந்த வருஷம் அவர் நேர்ந்ததை அத்தை பால்குடம் எடுத்துத் தீர்த்தார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்காக நான் எடுக்கிறேன். விரதமும் இருக்கிறேன். நம்பாதவள் எடுத்தால் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் முருகன் அவ்வளவு கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

புதன்கிழமைக்கு டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பாய் உங்களை லாரியிலேயே மதுரைக்கு அழைத்து வருவார். அண்ணனும் வரட்டும், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். நான் முன்னதாகவே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.

இத்தனை வருஷத்தில் உங்களிடம் இது வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது. இப்போது கேட்கிறேன், வாருங்கள். இதையெல்லாம் எழுதினாளே என்று என்னைத் திட்டுவதற்காகவாவது வாருங்கள்.

உங்கள்
சிவபாக்கியம்