தொட்டி கழுவிய ஞாயிற்றுக்கிழமைகள்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள உச்சிமாகாளிக்கு அய்யாத்துரை எழுதுவது.

இன்று காலை நம் அறையில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. மீன் தொட்டியை ஜன்னலடியிலிருந்து எதிர்ச்சுவருக்கு, உன் தகரப்பெட்டி இருந்த இடத்துக்கு, மாற்றுவது என்பதே அது. நெடுநேரம் ஆலோசனை நடந்தது. வெயில் நேராக விழுந்து கண்ணாடியில் பாசி பிடிக்கிறது என்பது மாற்றத்துக்கு ஆதரவான வாதம். ஒரு மனிதனின் இடத்தை அவ்வளவு சீக்கிரம் நிரப்பலாமா என்பது எதிர்வாதம். கடைசியில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அறையில் இப்போது நான் ஒருவன்தான் என்பதால் அதில் சிரமம் ஏதும் இருக்கவில்லை. பாதித் தண்ணீரை வாளியில் எடுத்துவிட்டுத் தொட்டியை நகர்த்தினேன்.

மீன்கள் நலம். உன் நலத்தை நிர்வாகமே கவனித்துக்கொள்வதால் நான் தனியாக விசாரிக்கவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ வியக்கலாம். உன் கைப்பேசியில் அழைப்பே வராதபடி என் எண்ணை அடைத்துவிட்டாய். நம்மோடு இதே அறையில் இருந்த மாரிமுத்துவின் எண்ணையும் இசக்கிபாண்டியின் எண்ணையும் அப்படியே செய்திருக்கிறாய். தபால்காரரை அடைக்கும் வசதி இன்னும் வரவில்லை. நீ இப்போது இருக்கும் குஜராத் ஆலையின் முகவரி நம் அடையாள அட்டையின் பின்பக்கம் இருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் குறித்துக்கொண்டேன். அட்டை தொலைந்தால் எங்கே சேர்க்க வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அட்டைக்காரன் தொலைந்தால் என்ன செய்வது என்று போடவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன்களுக்கு நிறம் வந்துவிட்டது. முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. நடுவில் இரண்டும் சேரும் இடத்தில் என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் ஆண் மீன்கள் இரண்டும் துடுப்பை விரித்துக்கொண்டு ஒன்றன் முன் ஒன்று நின்று மிரட்டிக்கொள்கின்றன. சண்டை போடுவதில்லை. நம் சூப்பர்வைசர்களைப் பார்த்தது போலவே இருக்கிறது.

இந்த நிறத்தை நீதான் முதலில் பார்த்தாய் என்பதை நான் மறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று சான்றிதழ் காட்டுவதற்காக நம்மை முன்வாசல் வழியாக விட்டார்கள். அதுதான் முதலும் கடைசியும். வரவேற்பறையில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி, உள்ளே ரெயின்போ மீன் கூட்டம். அதைத் துடைக்க ஓர் ஆள், தீனி போட ஓர் ஆள், மேற்பார்வைக்கு மனிதவள மேலாளர் மோகன் சார். நீ என் காதில், "ஏலே, இதுக்கு இருக்க சொகத்தப் பாத்தியா? இது எல்லாம் பெர்மனெண்ட்டுல" என்றாய். அப்போது நாம் டிரெய்னி. அதற்குப் பிறகும் டிரெய்னி. பயிற்சி முடிந்ததும் மறுபடி பயிற்சி என்று, ஒரே போல்ட்டை முடுக்குவதற்கு உலகத்திலேயே அதிகம் பயிற்சி பெற்றவர்கள் நாம்தான்.

தை மாதம் நால்வருமாகப் படப்பைக்குப் போய்த் தாண்டவராயன் கடையில் மீன் வாங்கினோம். வாங்கியவை சாம்பல் நிறக் குஞ்சுகள். ஏமாற்றுகிறாரோ என்று மாரிமுத்து சந்தேகப்பட்டான். தாண்டவராயன் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இப்ப இப்பிடித்தான் கீது தம்பி. கூட்டமா வுட்டு, தண்ணிய நோண்டாம வெச்சீன்னா தானா கலர் ஏறும். ஒண்ணு ரெண்டா வாங்கிக்கினு போவாத, ஓரமாப் பதுங்கிக்கினு செத்துப்பூடும்." கூட்டம் என்ற சொல் மட்டும் நம் காதில் ஏறியது. தண்ணீரை நோண்டாதே என்றது ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். மாசி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நம் லைன் ஆட்கள் நம் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். கேன்டீனில் ஒரு நாள் மதியம் யாரும் சாப்பிடாமல், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பது என்பது திட்டம். சத்தம் கிடையாது, கோஷம் கிடையாது. எங்களை நிரந்தரமாக்கு என்று ஒரு லைன் முழுக்கக் கவிழ்ந்த தட்டுகள் சொல்லும். பக்கத்து ஆலையில் அப்படிச் செய்து பாதிப்பேர் நிரந்தரமாகியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் கங்கம்மாள் அக்காவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "இன்னாப்பா, ஞாயித்துக்கெழமயானா கதவ சாத்திக்கினு குசுகுசுன்னு பேசிக்கினே கீறீங்க?" என்று கேட்டார். தொட்டி கழுவுகிறோம் என்று இசக்கிபாண்டி வாய்க்கு வந்ததைச் சொன்னான். அத்தோடு விட்டிருக்கலாம். நீ விடவில்லை. "கழுவுதோம்னு சொல்லியாச்சுன்னா கழுவிரணும்ல. பொய் சொல்லிட்டுப் போராட்டம் நடத்தினா வெளங்காது" என்றாய். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீரை முழுக்க இறைத்து, கூழாங்கல்லைத் தேய்த்து, கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ஒருவர் நிரந்தரப் பணியைப் பற்றிப் பேசுவார், ஒருவர் கல் தேய்ப்பார். லைனில் யாருக்குத் தகவல் சொல்வதென்றாலும், "ஞாயித்துக்கெழம தொட்டி கழுவுதோம்" என்றால் போதும் என்று ஆயிற்று. கங்கம்மாள் அக்கா மட்டும், "ஊரே தண்ணி லாரிக்குப் பின்னாடி ஓடுது, இவனுங்க மீனுக்கு எண்ணெ தேய்ச்சிக் குளிப்பாட்டறானுங்க" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன்கள் சாக ஆரம்பித்தன. முதல் மீன் மிதந்த அன்று நீ இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. நம் போராட்டத்தில் உண்மையிலேயே சாப்பாட்டைப் புறக்கணித்த ஒரே ஆள் நீதான். மூன்றாவது மீன் செத்தபோது அழுக்குப் போகவில்லை போலும், இன்னும் நன்றாகக் கழுவ வேண்டும் என்று நான்தான் சொன்னேன். இப்போது தாண்டவராயன் விளக்கிவிட்டார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வளர்ந்து மீனின் கழிவைத் தின்னுமாம். வாரம்தோறும் அவற்றைத்தான் நாம் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

தட்டைக் கவிழ்க்க வேண்டிய நாள் காலையில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது. எனக்கு, மாரிமுத்துவுக்கு, இசக்கிபாண்டிக்கு மட்டும் கேட்டில் அட்டை சிவப்பு விளக்குக் காட்டியது. செக்யூரிட்டி எங்களை முன்வாசல் வழியாக மோகன் சாரிடம் அழைத்துப் போனார். முதலும் கடைசியும் என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள். சார் டீ கொடுத்தார். எங்கள் வேலைத்திறன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். கதவு வரை வந்தவர், வரவேற்பறைத் தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மனிதருக்கு மீன் என்றால் உயிர்.

"இப்பிடி வாராவாரம் கழுவினா மீனு எப்பிடிப்பா பொழைக்கும்? ஒங்க ஃப்ரெண்டு மூணாவது மீன் செத்ததும் எங்கிட்ட வந்து அழாத கொறதான். எதுக்குப்பா இத்தினி தடவ கழுவறீங்கன்னு நான்தான் கேட்டேன்" என்றார். அதற்குமேல் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையோடு கொண்டுவந்திருந்த காலி டம்ளரை உயர்த்தி ஒரு வாய் குடித்தார்.

அறைக்கு வந்தோம். உன் பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. தொட்டியில் நீ போட்டிருந்த தீனி இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அது மூழ்குவதற்குள் நாங்கள் வந்துவிட்டோம் என்றால், நீ தெரு திரும்பியிருக்க மாட்டாய். இசக்கிபாண்டி ஓடிப்போய்ப் பார்த்தான். அப்போதுதான் கம்பெனி வண்டி ஒன்று போனது என்றார் கங்கம்மாள் அக்கா.

கேன்டீனில் அன்று சாம்பார் சாதத்துக்குப் பதில் பிரியாணி போட்டார்களாம். ஒரு தட்டும் கவிழவில்லை.

மாரிமுத்து கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். உன் பெயரை எடுத்தால் கெட்ட வார்த்தையில்தான் பேசுகிறான். இசக்கிபாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கான்டிராக்டரிடம் ஹெல்பராக இருக்கிறான்; அவன் உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் ஒரகடத்தில் பார்சல் கிடங்கில் மூட்டை பிரிக்கிறேன்.

அறை வெறிச்சோடிய பிறகு தொட்டியை யாரும் கழுவவில்லை. எனக்குத் தெம்பில்லை என்பதுதான் காரணம். கல்லில் பாசி படிந்தது, தண்ணீர் தெளிந்தது, மிச்சமிருந்த மீன்களுக்கு நிறம் ஏறியது. நம் கூட்டம் கலைந்ததில் பலனடைந்தவை அவைதான். நீயும்.

எனக்கு ஓர் எண்ணம் உண்டு. நீ மீனைக் காப்பாற்றத்தான் அவரிடம் போனாய். எதற்காகக் கழுவுகிறீர்கள் என்று கேட்டபோது உனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மூன்று பேரின் பெயர் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் குஜராத்தில் டீம் லீடர் பதவியை உன் முன்னால் வைத்திருப்பார்கள். மாரிமுத்து இதைக் கேட்டு, "நீ கூறுகெட்டவம்ல" என்றான். இருக்கலாம். ஆனாலும் இப்படி நினைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் எங்கள் வழக்குப் பேச்சுவார்த்தைக்கு வருகிறது. நாங்கள் வேலையில் மட்டம், அதனால் நிறுத்தினோம், கூட்டம் நடந்ததே எங்களுக்குத் தெரியாது என்கிறது நிர்வாகம். தெரியும் என்பதை நிரூபித்தால், கூட்டத்துக்காகவே நீக்கினார்கள் என்றாகி, எங்களைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்கிறார் வக்கீல். அவர்களுக்குத் தெரியும் என்று தெரிந்த ஆள் நீ ஒருவன்தான்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. மோகன் சாரிடம் சொன்ன அதே உண்மையை இன்னொரு முறை, வேறொரு மேசைக்கு முன்னால் சொன்னால் போதும். உனக்கு வராததை நான் கேட்கவில்லை.

வந்தால் அறையில் தங்கிக்கொள். உன் இடத்தில் தொட்டி இருக்கிறது, என் இடத்தில் படுத்துக்கொள்ளலாம். மீன்களையும் பார்த்துவிட்டுப் போ. அவை உன்னை அடையாளம் கண்டுகொள்ளும் என்று சொல்ல மாட்டேன். யார் தீனி போட்டாலும் மேலே வருகிற ஜாதிதான். நீ பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அங்கே வெயில் அதிகமாம். உடம்பைப் பார்த்துக்கொள். வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கும்,
அய்யாத்துரை.


சேரப்பணஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

உச்சிமாகாளிக்கு,

நேற்று நீ வந்தாய். அதற்கு நன்றி. கம்பெனி நாற்காலி வரிசையில் மோகன் சாருக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்ததைப் பார்த்தும், இடம் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று இசக்கிபாண்டியிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் நான்கு நாற்காலி காலியாக இருந்தது என்று அவன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் என்ன செய்தீர்கள் என்று அலுவலர் உன்னிடம் கேட்டார். "மீன் தொட்டி கழுவுனோம் சார்" என்றாய். வேறு ஒன்றும் செய்யவில்லையா, இத்தனை பேர் சேர்ந்து தொட்டி மட்டுமா கழுவினீர்கள் என்று அவர் மறுபடி கேட்டார். நீ மேசையைப் பார்த்துக்கொண்டு, "நல்லாக் கழுவுனோம் சார்" என்றாய்.

கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த மாரிமுத்து அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டான். அலுவலர் அவனைக் கண்டித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பற்றி நான் எழுதியதெல்லாம் சரிதான். உனக்குப் பொய் வராது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

வெளியே வராந்தாவில் நீ என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாய். மீனைப் பற்றிக் கேட்க வந்தாய் என்று நினைக்கிறேன். அதற்குள் கம்பெனி வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார். ஆகவே நீ கேட்காமல் போன கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். மீன்களைத் தாண்டவராயன் கடையில் விட்டுவிட்டேன். பையில் ஊற்றியதும் நிறம் மங்கிவிட்டது. பயத்தில் அப்படித்தான் ஆகும், கூட்டத்தில் விட்டால் திரும்ப வந்துவிடும் என்றார் அவர். அறையைக் கங்கம்மாள் அக்கா வேறு ஆட்களுக்குப் பேசிவிட்டார். நான் ஊருக்குக் கிளம்புகிறேன்.

உனக்கு இனி எழுத மாட்டேன். போன இடத்தில் நன்றாக இரு. உன்னோடு அறையில் இருப்பவர்களும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அய்யாத்துரை.

பி.கு.: தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.