பூப்போட்ட கைக்குட்டைக்காரன்

மந்தைவெளி
8.5.94

செண்பகத்துக்கு,

ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்குக் கடிதம் எழுத வேண்டிய தலைவிதி என்னுடையது. பின்படிக்கட்டில் நின்று நான் "போலாம் ரைட்" என்றால் டிரைவர் காதைப் பொத்திக்கொள்வான். அந்தத் தொண்டையில் புற்று வந்து, குரலையே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

நேற்று சில்லறைக்காக உன் மணிபர்ஸைத் திறந்தேன். ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. சனிக்கிழமை தோறும் தி.நகர் துணிக்கடையில் ஓவர்டைம் என்கிறாய். டிக்கெட்டில் இருக்கிற ஸ்டேஜ் அடையாறு. ஒரு கண்டக்டரையே ஏமாற்றப் பார்க்கிறாயா?

வாயால் பதில் சொல்லாதே. என்னால் திருப்பிப் பேச முடியாது. எழுதி ரேடியோ மேல் வை.

முருகையன்

9.5.94

மாமாவுக்குச் செண்பகம் எழுதுவது,

ரசம் ஆறுவதற்குள் சாப்பிடுங்கள். குளிக்கும்போது மூச்சு விடுகிற கழுத்து ஓட்டையில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை முதலாளியம்மா வீடு அடையாற்றில் இருக்கிறது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கப் போனேன். இதற்கு ஒரு விசாரணையா? முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவீர்கள். நானும் கத்துவேன். கொஞ்ச நேரத்தில் அடங்கி இரண்டு பேரும் டீ குடிப்போம். இப்போது உங்கள் கண் மட்டும் என் பின்னாலேயே வருகிறது. வீட்டுக்கு வரவே பயமாக இருக்கிறது.

உங்கள் செண்பகம்

15.5.94

செண்பகத்துக்கு,

புடவைக்கு ஃபால்ஸ். நல்ல கதை.

என் டிப்போ கூட்டாளி சண்முகவேல் காலையில் வந்தான். "தப்பா நெனச்சிக்காத மச்சி. நேத்து அடையாறு ஸ்டாப்புல உன் வூட்டுக்காரம்மா ஒருத்தனோட சிரிச்சிக்கினு நின்னுச்சு. கழுத்துல பூப்போட்ட கைக்குட்டை கட்டிக்கினு மைனர் கணக்கா கீறான்" என்றான்.

இந்த மே மாச வெயிலில் கைக்குட்டை கட்டுகிற மைனர் யார்? ஆபரேஷன் ஆனதிலிருந்து நீ இந்த வீட்டில் ஒரு தடவை சிரித்தாயா? ஊமையை விட்டுவிட்டுப் பேசுகிறவனைத் தேடிக்கொண்டாய்.

உண்மையைச் சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு கொட்டிவாக்கத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வர மாட்டேன்.

முருகையன்

16.5.94

மாமாவுக்கு,

அவர் பேர் பாலு. மீன் வியாபாரி. ஆமாம், அவரைப் பார்க்கத்தான் போகிறேன். சண்டை போட.

புற்றுநோய்க்காரர்களும் வீட்டு மனிதர்களும் சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து பேசுகிற கூட்டத்துக்கு அடையாறு ஆஸ்பத்திரி கவுன்சிலர் ஜலஜா அம்மா நம் இருவரையும் கூப்பிட்டார்களே. "எனக்கென்ன பைத்தியமா" என்று சிலேட்டில் எழுதி, சிலேட்டையே உடைத்தீர்கள். அதனால்தான் சொல்லாமல் போனேன்.

அங்கே எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. "சண்டை போட ஆளில்லம்மா. திருப்பித் திட்ட முடியாதவர எப்டிம்மா திட்டுறது?" என்றேன். ஜலஜா அம்மா ஒரு நாற்காலியைக் காட்டி, "இதுல உங்காத்துக்காரர் இருக்கார்னு நெனச்சுண்டு திட்டுங்கோ" என்றார். காலி நாற்காலியைத் திட்ட வெட்கமாக இருந்தது. பாலு வந்து அதில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை வந்து, அந்தக் கைக்குட்டைக்குள் என்ன இருக்கிறதென்று பாருங்கள். அப்புறமும் நம்பாவிட்டால் தங்கச்சி வீட்டுக்குப் போங்கள். தடுக்க மாட்டேன்.

செண்பகம்

21.5.94

செண்பகம்,

நீ ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நானும் வந்தேன். உன்னை நம்பி வரவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்து, கூட்டம் நடக்கிற அறைக்கு வெளியே ஜன்னலோரம் நின்றேன்.

நீ திட்டிக்கொண்டிருந்தாய். "யோவ், எங்கப்பா குட்த குடைய எங்கயா வுட்டுட்டு வந்த?" அது நான் லஸ்ஸில் தொலைத்த குடை. அந்த ஆள் கைக்குட்டையைத் தளர்த்தினான். என் கழுத்தில் இருக்கிற அதே ஓட்டை. காற்றை விழுங்கி, ஏப்பம் மாதிரி ஒரு குரலில், "போனா போவுது வுடு" என்றான். நீ சிரித்தாய்.

எனக்கு வயிறு எரிந்தது. அவன் சொன்ன பதிலே தப்பு. "உங்கப்பன் குட்தது குடையா, சல்லடையா?" என்றுதான் நான் கேட்டிருப்பேன். என் பெண்டாட்டி திட்டுக்கு இன்னொருத்தன் பதில் சொல்வதா?

நீ கிளம்பிப் போன பிறகு உள்ளே போய் ஜலஜா அம்மாவிடம் பேர் கொடுத்தேன். காற்றை விழுங்கிப் பேசுவது எப்படியென்று பாலு சொல்லிக்கொடுத்தான். எனக்கு வந்தது காலிக் குழாய் போடுகிற சத்தம்தான். பழகப் பழக வரும் என்கிறான். அடுத்த சனிக்கிழமை அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். அவனை எழுந்துகொள்ளச் சொல்.

சிலேட்டை உடைத்ததற்கு நீ இன்னும் என்னைத் திட்டவில்லை. இதற்குப் பதில் எழுதாதே. அடுப்படியில்தானே நிற்கிறாய். திட்டு.

முருகையன்